டெலிபோன் கம்பத்துல தலை ஆடி மாப்ளை

தலை ஆடிக்கு மாமியார் ஊட்டுக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமம். காலைல வீட்டுக்காரி குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு.

"இந்த ஈரத் துணியக் கொடியில போட்டுட்டு வாங்க."

கொடி கட்டியிருந்தது தோட்டத்துல நிக்கிற பழைய டெலிபோன் கம்பத்துல. கம்பியெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அந்தக் கம்பி இரும்புல படாம இருக்க உச்சியில மாட்டுவாங்களே, பச்சைக் கண்ணாடிக் குமிழ், அது ஒண்ணு மட்டும் மிச்சம். வெயில்ல சும்மா மின்னுது.

பார்த்துட்டு வந்திருக்கலாம். நமக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லியே. ஷோகேஸ்ல வெச்சா கெத்தா இருக்கும்னு, போனைத் தொவைக்கிற கல்லுமேல வெச்சுட்டு, ஏணியச் சாத்தி ஏறிட்டேன்.

திருகினேன். துரு புடிச்சுக்கினு வரமாட்டேன்னுச்சு. வீம்புக்கு ரெண்டு கையாலயும் திருகினேன். ஏணி வழுக்கிடுச்சு. தலை ஆடிக்கு எடுத்துக் குடுத்த புது வேட்டி அதுல மாட்டி, ரெண்டும் ஜோடியா கீழ போயிடுச்சு. மேல நான், கம்பத்தைக் கட்டிப் புடிச்சுக்கினு, பட்டாபட்டி டவுசரோட.

சத்தம் கேட்டு வந்தது மாமியார். கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசினதில்ல. மாப்ளைன்னா அவ்ளோ மரியாதை. எதுன்னாலும் கதவுக்குப் பின்னாடி நின்னு, வேற யார்கிட்டயோ சொல்ற மாதிரிதான் சொல்லுவாங்க.

"அத்தை, அந்த ஏணியக் கொஞ்சம்..."

டக்குனு திரும்பி நின்னுக்கினாங்க. பக்கத்துல யாரும் இல்ல. கட்டியிருந்த பசுமாட்டைப் பார்த்து, "என்னால ஒண்டியா தூக்க முடியாது, மாமாவைக் கூப்புடறேன்னு சொல்லு"ன்னாங்க.

மாடு ஒண்ணும் சொல்லல.

மாமா வந்தாரு. கூடவே தெருவும் வந்துச்சு.

"இன்னா மாப்ளை, சிக்னல் இல்லன்னு ஏறினீங்களா?"

அந்த ஊர்ல சிக்னல் பேஜாருதான். தெய்வமாப் பார்த்து எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு.

"ஆமா மாமா. கம்பெனிலேர்ந்து அர்ஜென்ட் கால். பேசிக்கினே இருந்தேன், ஏணி வழுக்கிடுச்சு."

மானம் தப்பிச்சுதுடா சாமின்னு மூச்சு விட்டேன். கல்லுமேல இருந்த என் போன் அடிக்க ஆரம்பிச்சுது.

தெருவே கல்லைப் பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு.

மாமியார் திரும்பாமலே மாட்டுகிட்ட சொன்னாங்க. "சிக்னல் கீழயே நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லு."

ஏணி வெச்சு எறக்கினாங்க. இருக்கிற கொஞ்ச நஞ்ச மரியாதையாவது மிஞ்சட்டும்னு, நின்ன எடத்துலயே கூட்டத்துக்கு அந்தக் கண்ணாடிக் குமிழோட அருமை பெருமையெல்லாம் விளக்க ஆரம்பிச்சேன்.

அப்பத்தான் மாமியார் மொத மொதல்ல என்கிட்ட நேரா பேசினாங்க.

"மாப்ளை, மொதல்ல வேட்டியக் கட்டுங்க."