ஜெயில் பட்டியலும் ஜெபக் குறிப்பும்

விடிந்ததும் வானத்தைப் பார்ப்பவர்கள் உண்டு, கண்ணாடியைப் பார்ப்பவர்கள் உண்டு, தொழுவத்து மாட்டைப் பார்ப்பவர்கள் உண்டு. இதில் எதிலும் சேராத ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். விடிந்ததும் நேற்று யார் யார் உள்ளே போனார்கள் என்று பார்க்கிற இனம். ஜெயில் பட்டியல் வாசகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஹாட்லாக் கவுண்டி என்கிற ஜில்லாவில் மொத்தம் ஒன்பதாயிரம் தலை. அதில் இந்த இனத்தார் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? சேராதவர்களை எண்ணுவது சுலபம்.

இந்த இனத்துக்கே திலகம் வெர்லீன் ஸ்டக்கி. வயது அறுபத்தேழு. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்து ஓய்வு பெற்றவள். ஷெரிஃப் ஆபீஸ் காலை ஆறு மணிக்குப் பட்டியலை இணையத்தில் போடும் என்றால், ஐந்து ஐம்பதுக்கே காப்பியும் மூக்குக் கண்ணாடியும் போனுமாக இவள் உட்கார்ந்திருப்பாள். பட்டியலைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. நீங்கள் பாட்டுக்கு மேலிருந்து கீழே படித்துவிடக் கூடாது. முதலில் உங்கள் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஸ்தோத்திரம். அடுத்து சம்பந்தி குடும்பத்துப் பெயர்; இருந்தால் இரண்டு ஸ்தோத்திரம். பிறகு படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கி, கண் சிவந்திருக்கிறதா, தலை சீவியிருக்கிறதா, சாயல் அம்மா வழியா அப்பா வழியா என்றெல்லாம் ஆராய்ந்து, அதற்கப்புறம் குற்றம் என்னவென்று படித்து, ஜாமீன் தொகையைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டும்.

"இன்னிக்கு எத்தனை உருப்படி?" என்பார் வீட்டுக்காரர் வர்ஜில், முட்டையைக் கிளறிக்கொண்டே.

"நாலே பேருங்க. மூணு பழைய மூஞ்சி, வாய்தாவுக்குப் போகாம மாட்டிக்கிட்டதுங்க. நாலாவது அந்த டிராக்டர் கடைக்காரன் மகன். அவங்க அப்பனும் இப்படித்தான்."

"அவங்கப்பன் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா பண்ற மூஞ்சி."

பட்டியலில் புதிதாக யாருமே இல்லாத நாட்களில் அவளுக்கு மூட்டு வலிக்கும்.

வம்புக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பொல்லாத கோபம் வரும். "யாரையும் நியாயந்தீர்க்க நான் யாரு? இது பொதுப் பதிவு. யாரு வேணா பாக்கலாம்னு சட்டமே சொல்லுது" என்பாள். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு புழுங்குகிறவளும் அல்ல. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று இருக்கிறது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை, மனசுக்கு முடியவில்லை என்றால் முதல் ஆள் இரண்டாம் ஆளுக்குப் போன் செய்து ஜெபிக்கச் சொல்ல, இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளுக்குச் சொல்ல, பன்னிரண்டாவது ஆள் முதல் ஆளையே கூப்பிட்டு விஷயம் வந்து சேர்ந்தது என்று ஒப்பிப்பாள். பெயர் சொல்லாமல் எப்படி ஜெபிப்பது? குற்றம் என்னவென்று தெரியாமல் எப்படிக் கண்ணீர் விடுவது? கர்த்தருக்கே விவரம் போதாமல் போய்விடுமே.

பல வருஷமாக முதல் கண்ணியாக இருந்த ஹேசல் அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டாள். அந்த இடத்துக்கு யார் என்று புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் கை தூக்கித் தீர்மானிப்பதாக ஏற்பாடு. வெர்லீனுக்கு வாழ்க்கையில் அதைத் தவிர வேறு ஆசை கிடையாது. எல்லாச் செய்தியும் முதலில் தன் காதுக்கு வந்து, தன் வாயிலிருந்து புறப்பட வேண்டும். குறுக்கே நின்றவள் ஒருத்திதான்: நடீன் கிராப்ட்ரீ. பெக்கான் பை என்கிற கொட்டைப் பலகாரம் சுடுவதில் கெட்டிக்காரி, யாரிடமும் கடுஞ்சொல் பேசாதவள். இப்படிப்பட்டவர்களை நம்பலாமா? நடீன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் ஊரில் இல்லை. அத்தை வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள். நடீனுக்கு அத்தையே கிடையாது.

இணையப் பட்டியலில் பழைய காலத்துச் சமாச்சாரம் இருக்காது. அதற்கெல்லாம் கோர்ட் கட்டடத்துக்குப் போய், ஜன்னலுக்குப் பின்னால் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் எழுத்தர் ரஸ்ஸலிடம் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிலவறையிலிருந்து தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். வெர்லீனுக்கு இது புதிதல்ல.

"வாங்கம்மா. இன்னிக்கு யாரு?"

"நடீன் கிராப்ட்ரீ. கல்யாணத்துக்கு முன்ன நடீன் லூப்ரி. ஜெபத்துக்காகத்தான் கேக்கறேன் தம்பி."

"எதுக்கு வேணா இருக்கட்டும். உங்க பேரைப் பெரிய எழுத்துல எழுதுங்க."

எழுதினாள். ஏன் பெரிய எழுத்தில் என்று கேட்கத் தோன்றவில்லை. புத்தகம் வந்தது. ஆகஸ்ட் பதினொன்று, லூப்ரி, நடீன், வயது பத்தொன்பது, ஓர் இரவு காவல். பக்கத்திலேயே குற்றம். படித்ததும் வெர்லீனின் வாய் பிளந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

புதன்கிழமை வந்தது. சாப்பாடு முடிந்து, தட்டுகளை எடுத்து, தலைமை தாங்குகிற ஓப்பல் டன்னவே "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருக்கா?" என்று கேட்டதும் வெர்லீன் எழுந்தாள்.

"எனக்கு மனசுல ஒரு பாரம் சிஸ்டர். பேரெல்லாம் சொல்ல மாட்டேன். நம்ம நடுவுல ஒரு சகோதரி, சின்ன வயசுல, ஆகஸ்ட் மாசம் பதினோராந் தேதி ஒரு ராத்திரி…" என்று சொல்லி நிறுத்தி, நடீன் சுட்ட பெக்கான் பைத் தட்டுக்கு நேராகப் பார்த்தாள். பத்துத் தலையும் அந்தப் பக்கம் திரும்பின.

நடீன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு குறிப்பு இருக்கு. நான் பேரோடயே சொல்லிடறேன்" என்று கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள்.

"பதிவு கேட்டு யாரு படிவம் குடுத்தாங்களோ, அந்தப் படிவமும் பொதுப் பதிவுதானாம். ரஸ்ஸல் சொன்னான். யாரு வேணா பாக்கலாமாம். பிப்ரவரி மூணு, வெர்லீன் ஸ்டக்கி, கேட்டது ஓப்பலோட வீட்டுக்காரர் டன்னவேயைப் பத்தி. பிப்ரவரி ஒம்பது, வெர்லீன் ஸ்டக்கி, கேட்டது லூயிஸோட மருமகன். மார்ச் ரெண்டு, வெர்லீன் ஸ்டக்கி, கேட்டது நம்ம பாஸ்டர்."

"பாஸ்டரையுமா?" என்றது ஒரு குரல்.

"பாஸ்டரை ரெண்டு தடவை."

நாற்பத்தொரு வரி. ஒன்றையும் விடாமல், குரலை உயர்த்தாமல், கணக்கு டீச்சர் மாதிரி வாசித்தாள். அந்த அறையில் பெயர் வராத குடும்பம் இல்லை. வெர்லீனுக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. உண்மையாகவே வெட்கப்பட்டாள், பாவம். முப்பது வருஷம் இவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கையால் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். கடைசியில் ஓப்பல்தான் தொண்டையைச் செருமினாள்.

"எங்க வீட்டுக்காரர் பேர்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"ஒண்ணுமேவா?" ஓப்பலின் முகம் கொஞ்சம் வாடியது.

"என் மருமகன் பேர்ல?" என்றாள் லூயிஸ், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. கண்களை மட்டும் யாரும் மூடவில்லை. முடிவில் கை தூக்கினார்கள். நடீன் முதல் கண்ணி. வெர்லீனைத் தள்ளிவைக்க வேண்டும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது கண்ணியாகப் போட்டார்கள். இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதியும் விதித்திருக்க முடியாது. ஊரே மென்று துப்பிய பிறகுதான் செய்தி அவளுக்கு வரும்.

ஆனால் பன்னிரண்டாவது ஆள் முதல் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது விதி அல்லவா? முதல் நாள் இருவரும் விறைப்பாக இரண்டு வார்த்தை பேசினார்கள். மூன்றாம் நாள் வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் நடீன், நான் படிவம் குடுத்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன் பேரைத் தேடத்தான் நானும் போயிருந்தேன். உன்னோட படிவம் மேலயே இருந்துச்சு."

வெர்லீன் சற்று யோசித்தாள். "என் பேர்ல என்ன கிடைச்சுது?"

"ஒண்ணுமில்லடி."

"நல்லாத் தேடினியா?"

இப்போது தினமும் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். ஆறு மணிக்குப் பட்டியலை இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்து, படம் படமாகப் பார்த்துக்கொண்டே பேசுவதாகக் கேள்வி. நகமும் சதையும் தோற்றன. கூட்டத்துக்கு மறுநாள் காலையோ, ரஸ்ஸலின் ஜன்னல் முன்னால் பத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள், தங்களை யார் தேடினார்கள் என்று பார்க்க. கையோடு கையாக மற்றவர்களையும் தேடிவிட்டுப் போனார்கள். படிவம் தீர்ந்துபோய் ரஸ்ஸல் வேறு கட்டு அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்.

நல்லவேளை, நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, பத்தொன்பது வயதில் எதற்காக ஓர் இரவு உள்ளே இருந்தாள் என்பது நமக்கெதற்கு? எனக்குத் தெரியும், அந்த வரிசையில் பதினோராவதாக நின்றது நான்தான். நீங்கள் ஏன் மறுபடியும் மேலே போய்த் தேடுகிறீர்கள்? நான் அதை எங்கேயும் எழுதவில்லை. ஜன்னல் காலை எட்டு மணிக்குத் திறக்கும். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.