கலங்கரை விளக்கில் கந்தகப் பிரபு

ஒட்டுமீசையின் இடது பாதி முகத்தில் இருந்தது, வலது பாதி கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் லெனார்ட் குவில்டருக்கு லண்டனிலிருந்து ஏஜென்ட் பெர்னிஸ் போன் செய்தாள். மேடையேற இன்னும் இருபது நிமிஷம்.

"குவில்டர், உக்காந்திருக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லு."

"டிவியில அந்தச் சுரங்கத் தொடர் எடுக்கப் போறாங்கல்ல, அதுல கொடுங்கோல் முதலாளி வேஷத்துக்கு உன்ன யோசிக்கிறாங்க. ஆள் தேர்வு செய்யுற மிஸஸ் ஹார்க்னஸ் நாளைக்கு ரெண்டு மணிக்கு டைரக்டரையும் கூட்டிக்கிட்டு அங்க வர்றாங்க. உன்ன மேடையில பாக்கணுமாம்."

"எங்க? சாண்ட்மூருக்கா?"

"அங்கதான். விலாசம் சொல்லவான்னு கேட்டேன். வேண்டாம், இடம் நல்லாத் தெரியும்னுட்டாங்க. ஆமா, உன்னோட கலங்கரை விளக்கு நாடகம் எப்படிப் போகுது?"

குவில்டர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பச்சை சாயம் பூசிய முகமும் அரை மீசையும் அவரைத் திருப்பிப் பார்த்தன.

"பிரமாதமா போகுது" என்றார்.

கடற்கரை ஊரான சாண்ட்மூரில் கலங்கரை விளக்கு நாடகம் என்று எதுவும் ஓடவில்லை. ஓடிக்கொண்டிருந்தது 'பால்காரியும் பேசும் மாடும்' என்ற பாண்டமைம். பெயரை வைத்து, வாயைத் திறக்காமல் கையை ஆட்டுகிற நாடகம் என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்து ஊர்களில் போடுவது வேறு ரகம். மேடையில் இருப்பவர்களும் வாயை மூட மாட்டார்கள், பார்க்க வந்தவர்களும் மூட மாட்டார்கள்; வில்லனைக் கண்டால் ஊளையிடுவதும், 'பின்னால பாரு' என்று கத்துவதும், அவன் சொல்வதை மறுப்பதும் அவர்கள் வேலை. அதில் குவில்டர்தான் வில்லன், கந்தகப் பிரபு. தினம் இரண்டு ஷோ. ஒவ்வொரு ஷோவிலும் எண்ணூறு பேர் அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் பெர்னிஸ் ஒருமுறை சொல்லியிருந்தாள். "பாண்டமைமுக்கு மட்டும் போயிடாத. அப்புறம் உன்ன மாட்டோட சேத்துத்தான் எல்லாரும் பாப்பாங்க." அதனால் இந்த வேலையை அவளுக்குத் தெரியாமல் அவரே பிடித்துக்கொண்டு, தனிமையில் வாடும் கலங்கரை விளக்குக் காவலாளியாகத் தனி நடிப்பு நாடகம் போடுவதாகப் புளுகி வைத்திருந்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. ஆறு வருஷத்தில் டிவியில் கிடைத்தது ஒரே ஒரு வேஷம். ஆற்றில் மிதக்கும் பிணம். அதுவும் குப்புறப் படுத்த பிணம்.

இந்தச் சுரங்க முதலாளியை விட்டால் இனி ஒருவரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மீசையின் மறுபாதியைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டு ராயின் அறைக்கு ஓடினார்.

ராய் டன்ஸ்டபிள் பெண் வேஷம் போட்டுப் பால்காரியின் அம்மாவாக வருகிறவர். இருபத்தாறு கிறிஸ்துமஸாகப் பாவாடை கட்டுகிறார். ரோமம் அடர்ந்த கையில் பவுடர் போட்டபடியே முழுக்கதையையும் கேட்டார்.

"உண்மையச் சொல்லிடு கண்ணு. நான் பாண்டமைம்ல இருக்கேன், வந்து பாருங்கன்னு சொல்லு."

"எதப் பாக்கச் சொல்றது? தெனம் ரெண்டு தடவ மாடு என்ன முட்டித் தொட்டியில தள்ளுதே, அதையா?"

"எண்ணூறு பேர் பாக்குறாங்கல்ல. போன வருஷம் லண்டன்ல சோகமா ஒண்ணு போட்டியே, அதுக்கு எத்தன பேர் வந்தாங்க?"

"பதினாலு."

"அதுல உன் சொந்தக்காரங்க எத்தன பேரு?"

குவில்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பத்து பேர்.

"இங்க வர்ற பிள்ளைங்களுக்கு இதுதான் மொத நாடகம். நாம சொதப்புனா, பெரியவங்களாகி ஒரு நாடகத்துக்கும் போக மாட்டாங்க. உன் டிவிக்காரங்கள விட எனக்கு அதுங்கள நெனச்சாத்தான் பயம்" என்றார் ராய். "மீச தலைகீழா இருக்கு, சரி பண்ணு."

மீசையைச் சரிசெய்துகொண்டு குவில்டர் வெளியே வந்தார். மனம் சரியாகவில்லை. உண்மை சொல்வதற்குப் பதிலாக அவர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். கலங்கரை விளக்கு நாடகம் இல்லாததுதானே பிரச்சினை. போட்டுவிட்டால் போச்சு.

அன்று மாலை ஷோவில், மேடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று, பாட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் நாடகம் எழுதினார். அதனால் இரண்டாம் பகுதியில், பால்காரியின் வீட்டைப் பறிமுதல் செய்ய வேண்டிய இடத்தில், "அலைகளே, என் தனிமைக்கு நீங்கள்தானே சாட்சி" என்று ஆரம்பித்துவிட்டார். எண்ணூறு பேரும் கப்சிப். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சின்னப்பெண் நிதானமாகச் சொன்னாள்: "நீ தனியா இல்ல. மாடு பின்னால நிக்குது."

மறுநாள் சனிக்கிழமை காலை தியேட்டர் மேனேஜரிடம் போனார்.

"தொண்டை கட்டிருச்சு. மத்தியானம் ரெண்டு மணி ஷோவுக்கு முடியாது. சாயங்காலம் வந்திருவேன்" என்று குரலே எழாமல் வெறும் காற்றாகப் பேசினார்.

மேனேஜர் பதறிப்போனார். வில்லனுக்கு மாற்று ஆள் ட்ரெவர். ஆனால் மாட்டு வேஷத்துக்குள் இருக்கும் இரண்டு பேரில் ட்ரெவர்தான் பின்னங்கால்கள். ட்ரெவர் பிரபுவானால் பின்னங்கால்களுக்கு யார்? கடைசியில் மூட்டுவலிக்காரரான தச்சர் மாட்டுக்குள் போவதென்று முடிவாயிற்று. "மாடு இன்னிக்கு நொண்டும். பரவாயில்ல. நீ சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் பாத்துக்கிறேன்" என்றார் மேனேஜர்.

பார்த்துக்கொள்கிறேன் என்றால் சொல்லுக்குச் சொல் பார்த்துக்கொள்கிற மனுஷன். தேன் வாங்கித் தருகிறேன் என்று கூடவே வந்தார். குவில்டர் தியேட்டருக்கு எதிரே இருந்த மீன் வறுவல் கடைக்குள் நுழைந்தபோதும் பின்னாலேயே நின்றார். கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹால் உண்டு. அதைக் கேட்டு வாங்கத்தான் குவில்டர் வந்தது. பேச முடியாதே. ஒரு தாளில் எழுதி நீட்டினார்.

கடைக்காரர் சத்தமாகவே படித்தார். "ரெண்டு மணிக்கு ஹால் வேணுமா? மூணு மணிக்கு அங்க பிங்கோ இருக்கே. பெரிசுங்கல்லாம் ஒண்ணரைக்கே வந்து எடம் பிடிச்சு உக்காந்துரும். எதுக்கு ஹாலு?"

மேனேஜர் சந்தேகமாகப் பார்த்தார். குவில்டர் இன்னொரு தாளில் 'படுத்து ஓய்வெடுக்க' என்று எழுதிக் காட்டினார். கடைக்காரர் மூன்று மணி வரை ஹாலைத் தர ஒப்புக்கொண்டார். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்திவிட்டுப் போனார். குவில்டருக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அடுத்த கணமே, கலங்கரைக் காவலாளிக்குக் கோட்டு கிடைத்ததே என்றும் தோன்றியது.

கடை வாசலில் பாண்டமைம் போஸ்டர். அதில் ஆளுயரத்துக்கு அவருடைய பச்சை முகம். அதன்மேல் கையால் வரைந்த கலங்கரை விளக்குப் படத்தை ஒட்டினார். பச்சை லேசாகத் தெரிந்தது. கடல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, தியேட்டரின் பின்வாசலைக் காவல் காக்கும் ஐரீனிடம் போனார். பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற பெண்மணி.

"ஐரீன், லண்டன்லேர்ந்து ஒரு அம்மா வரலாம். நான் பாத்ததில்ல. கறுப்புக் கோட்டு, கடுகடுன்னு மூஞ்சி, அப்படித்தான் இருப்பாங்க. என்னக் கேட்டா எதிர்மாடிக்கு அனுப்பு."

"சரி ராசா."

"இங்கதான் நடிக்கிறேனான்னு கேட்டாங்கன்னா, குவில்டர் பாண்டமைம்லல்லாம் நடிக்கிற ஆளே இல்லன்னு சொல்லிடணும். சொல்லு பாப்போம்."

"குவில்டர் பாண்டமைம்லல்லாம் நடிக்கிற ஆளே இல்ல."

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா."

ஐரீன் அழுத்தமாகச் சொன்னாள். தொண்டை கட்டியவர் எப்படி இவ்வளவு பேசுகிறார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

இரண்டு மணி. மாடி ஹாலில் பதினோரு பேர், கூப்பிடுகிற நம்பரை அடித்து விளையாடும் பிங்கோ அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து மீன் பொரியும் வாசனை வந்தது. திரைக்கு இடையே குவில்டர் எட்டிப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு பெண்மணி. கறுப்புக் கோட்டு. கடுகடு முகம். மடியில் நோட்டுப் புத்தகம். டைரக்டர் எங்கே? வண்டி நிறுத்தப் போயிருப்பார்.

குவில்டர் கையில் லாந்தருடன் மேடைக்கு வந்தார். வந்தது இடப்புறமாக.

பாண்டமைமில் தேவதை வலப்புறமாக வருவாள், வில்லன் இடப்புறமாக வருவான். எத்தனையோ காலமாக அப்படித்தான். முப்பத்தெட்டு ஷோவில் முப்பத்தெட்டு தடவை இடப்புறமாக வந்து பழகிய கால்கள், முப்பத்தொன்பதாவது முறையும் அவரைக் கேட்காமல் அங்கிருந்தே கூட்டி வந்துவிட்டன. அந்தப் பதினோரு பேரும் அறுபது எழுபது கிறிஸ்துமஸ் பார்த்தவர்கள். ஒரே குரலில் ஊளையிட்டார்கள்.

குவில்டர் கண்டுகொள்ளாமல் தொடங்கினார். "இந்தப் பாறையில் யாருமே இல்லை. நான் தனியன்."

"நாங்க இருக்கோம்ல" என்றார் முன்வரிசைப் பெரியவர்.

"இருபது வருஷமாக ஒரு கப்பல்கூட வரவில்லை."

"வருது, வருது. உனக்குப் பின்னால."

"வரவில்லை."

"வருதுய்யா."

"வரவில்லை என்கிறேன்."

"வருதுங்கிறோம்ல."

கறுப்புக் கோட்டு நோட்டில் ஏதோ குறித்தது. தொலைந்தோம் என்று நினைத்தார் குவில்டர். அழுகைக் காட்சியைச் சீக்கிரமே ஆரம்பித்தார். மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். "அழாத, எழுந்து உக்காரு, முட்டி வலிக்கும்" என்றாள் ஒரு பாட்டி. பொறுமை போயிற்று. லாந்தரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து, கோட்டை விசிறி, கந்தகப் பிரபுவின் சிரிப்பைச் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாக ஏறி, உச்சியில் உடையுமே, அந்தச் சிரிப்பு.

"கப்பல் வரட்டும். ஒரு கப்பல் விடாமல் மூழ்கடிக்கப் போகிறேன். விளக்கை அணைக்கப் போகிறேன். யார் தடுக்கிறீர்கள் பார்க்கலாம்."

ஹால் அதிர்ந்தது. பதினோரு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பேனாவால் மேஜையைத் தட்டினார்கள். முன்வரிசைப் பெரியவர் கைத்தடியோடு மேடையேறி விளக்கைக் காப்பாற்றப் பார்த்தார். குவில்டர் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடினார், பதுங்கினார், மிரட்டினார், மிரண்டார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எழுதி வைத்திருந்த ஒரு வரியும் நினைவில் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. ஆறு வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ராய் சொன்னது உண்மைதான், இதுவும் நடிப்புதான், இதுதான் நடிப்பு என்று மூச்சு வாங்கக் குனிந்து வணங்கியபோது நினைத்துக்கொண்டார்.

அப்படியே இறங்கி நேராகக் கறுப்புக் கோட்டிடம் போனார்.

"மேடம், மன்னிச்சிடுங்க. நான் இங்க பாண்டமைம்லதான் நடிக்கிறேன். இதுவரைக்கும் மறைச்சேன். இனிமே மறைக்கப் போறதில்ல. வேஷம் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

அந்தப் பெண்மணி நோட்டை மூடினாள். "எனக்கென்னப்பா. நான் பிங்கோ நம்பர் கூப்பிடுறவ. மூணு மணி ஆச்சு, அந்த லாந்தர எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

குவில்டர் படிகளில் தாவி இறங்கினார். மிஸஸ் ஹார்க்னஸ் வரவே இல்லை. அல்லது வந்து, எதிர்மாடிக்கு வழி தெரியாமல் தியேட்டரிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். இருந்தால் இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம். மத்தியான ஷோ முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. மேனேஜர் கண்ணில் பட்டாலும் படட்டும் என்று பின்வாசலுக்கே போய், ஐரீனுக்கு எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டு எதுவும் வரவில்லை என்று அவள் சொன்னாள். உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடற்கரை வரை போய்விட்டு வந்தார். திரும்பவும் போனார். மூன்றாவது முறை திரும்பி வரும்போது கூட்டம் கலைந்து கொண்டிருந்தது.

"யாராவது கேட்டாங்களா ஐரீன்?"

"இப்பத்தான் போறாங்க ராசா. நீ சொன்ன மாதிரி கறுப்புக் கோட்டெல்லாம் இல்ல. தலையில மினுக்மினுக்குன்னு எரியுற முயல் காது மாட்டிக்கிட்டு, ரெண்டு பேரப்பிள்ளைங்களக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. கூட ஒரு தாடிக்காரரு. உள்ளதான் உக்காந்து ஷோ பாத்தாங்களாம்."

"உள்ளயா?"

"போன சனிக்கிழமையும் பிள்ளைங்களோட வந்திருந்தாங்களாம். அன்னிக்கு வில்லனா வந்தவரு சிரிச்ச சிரிப்பு ராத்திரியெல்லாம் காதுலயே இருந்துச்சாம். சுரங்க முதலாளிக்கு அந்தச் சிரிப்புதான் வேணும்னு தாடிக்காரரக் கையோட இழுத்துட்டு வந்திருக்காங்க. இன்னிக்கு வேற ஆளு வந்ததும் ஏமாந்து போயிட்டாங்க. அப்புறம் தாடிக்காரரு இந்தப் பையனும் நல்லாத்தான் பண்றான்னு ட்ரெவரக் கூட்டிக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

"என்னப் பத்திக் கேக்கவே இல்லையா?"

"கேக்காம என்ன. இங்க நின்னு ரெண்டு தடவ கேட்டாங்க, போன வாரம் வந்த அந்தக் குவில்டர் எங்கன்னு." ஐரீன் பின்னல் ஊசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு திருப்தியாகச் சிரித்தாள். "நீ சொல்லிக் குடுத்த மாதிரியே, அழுத்தமாச் சொல்லிட்டேன் ராசா. குவில்டர் பாண்டமைம்லல்லாம் நடிக்கிற ஆளே இல்லன்னு."