ஆக்கிரமிப்பு நெல்

ஒரு நிலத்தைப் பாதுகாப்பது என்று சர்க்கார் தீர்மானித்துவிட்டால், பிறகு அந்த நிலத்துக்கு ஒரு குறையும் வராது. விளைச்சலும் வராது என்பது வேறு விஷயம். அதிராம்பட்டினத்துக்கு மேற்கே, பறவைகள் வந்து தங்கும் ஏரியை ஒட்டி மூன்று ஏக்கர் அப்படிப் பாதுகாக்கப்பட்டு வந்தது. சுற்றிலும் முள்கம்பி, நடுவில் அறிவிப்புப் பலகை, பலகை நனையாமல் இருக்க அதற்கு மேல் ஒரு கூரை.

அந்த நிலத்தில் 'பொதுமக்கள் பங்கேற்புடன் கூடிய இயற்கை வேளாண்மை' நடக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. தன்னார்வலர்கள் மட்டுமே வேலை செய்யலாம், யாருக்கும் கூலி கிடையாது, நிபந்தனைகள் மொத்தம் இருபத்தாறு. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை அப்துல் வஹாப் ஆசையாக வாங்கிக்கொண்டார்.

வஹாப் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் அரிசிக் கடை வைத்திருந்தவர். ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்தே எந்த ஊர் ஆலை என்று சொல்லிவிடுவார். அதுவே பயிராக நிற்கும்போது கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. மூட்டை மூட்டையாக விற்றாயிற்று, கண் மூடுவதற்குள் தானே விளைவித்த அரிசியில் ஒரு கவளம் சாப்பிட வேண்டும். அது சின்ன ஆசை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

நன்னிலத்திலிருந்து நாற்று வந்தது. தன்னார்வலர்கள் இரண்டு ஞாயிறு நட்டார்கள். முதல் ஞாயிறு படம் எடுப்பதற்காக, இரண்டாவது ஞாயிறு முதல் ஞாயிறு நட்டதில் மிதந்து போனதை மறுபடி ஊன்றுவதற்காக. வஹாப் தினமும் காலையில் வரப்பில் நின்று பச்சையைப் பார்த்துப் பூரித்துப் போவார். பதினைந்தாம் நாள் பச்சை கொஞ்சம் அளவுக்கு மீறித் தெரிந்தது.

"பாய், களை மண்டிக் கெடக்கு," என்றாள் செந்தாமரை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவள். "நாலு பொம்பளைங்கள விடுங்க. ஒரே நாள்ல பறிச்சுடுவோம்."

"கூலி கொடுக்கக் கூடாதும்மா. தன்னார்வலரா வேணா வரலாம்."

"அப்படின்னா?"

"சும்மா வந்து வேலை செய்யறது."

செந்தாமரை யோசித்தாள். "அதுக்கெல்லாம் வசதி வேணும் பாய்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வஹாப் நிலக்காப்பு அலுவலகத்துக்குப் போனார். அலுவலர் நாகேஸ்வரன் மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பதினான்காவது நிபந்தனையைப் படித்துக் காட்டினார். 'தானாக முளைத்த எந்தத் தாவரத்துக்கும் ஊறு விளைவிக்கக் கூடாது.'

"சார், அது களைங்க."

"இருக்கட்டும். தானா மொளச்சுதா, யாராவது நட்டாங்களா?"

"தானா மொளச்சதுதான்."

"அப்ப அது இந்த மண்ணுக்குச் சொந்தமானது. நெல்லு எங்கேருந்து வந்துச்சு?"

"நன்னிலத்துலேருந்துங்க."

"வெளியூரு," என்று குறித்துக்கொண்டார் நாகேஸ்வரன். "யாரு நட்டது?"

"நாங்கதான்."

"பாதுகாக்கப்பட்ட நிலத்துல வெளியூர்லேருந்து வந்து, மூணு ஏக்கரையும் புடிச்சு, வரிசையா நிக்குது. இதுக்கு எங்க ரெக்கார்டுல ஒரே பேருதான் பாய். ஆக்கிரமிப்பு."

நெல்லை ஏன் அகற்றக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் தயாரானது. வஹாப் கெஞ்சினார். நாகேஸ்வரனும் இரக்கமுள்ளவர்தான். நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு ஓர் ஆணை எழுதிக் கொடுத்தார். 'வேண்டாத தாவரங்களைப் பதிவு பெற்ற தன்னார்வலர்கள், அலுவலர் முன்னிலையில், வரும் ஞாயிற்றுக்கிழமை அகற்றலாம்.'

"எது வேண்டாததுன்னு எழுதலையே சார்?"

"அது கொள்கை முடிவு பாய். நம்ம லெவல்ல எடுக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பஸ் வந்தது. இறங்கிய நாற்பது பேரும் ஒரே மாதிரி கைத்தறிச் சட்டை போட்டிருந்தார்கள். சேற்றில் இறங்காவிட்டாலும் இறங்கியது போலவே தெரியும் நிறம். அவர்களுடைய தலைவி ஸ்ம்ருதி எல்லோரையும் கண்ணை மூடி மண்ணுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். பிறகு விளக்கினாள்.

"எது நோஞ்சானா இருக்கோ அதைப் பறிங்க. எது செழிப்பா இருக்கோ அதை இயற்கையே தேர்ந்தெடுத்திருக்குன்னு அர்த்தம். சரிதானே அங்கிள்?"

வஹாபுக்கு அது நியாயமாகப் பட்டது. கடையிலும் அவர் நொய்யைத்தான் ஒதுக்குவார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்தாள் செந்தாமரை. "ஐயய்யோ, என்னங்க பண்றீங்க..."

நாகேஸ்வரன் கையைக் காட்டி நிறுத்தினார். "பதிவு பண்ணாதவங்க ஆலோசனை சொல்லக் கூடாதும்மா. பதினேழாவது நிபந்தனை."

மத்தியானத்துக்குள் வேலை சுத்தமாக முடிந்தது. நாற்பது பேர் ஒரு மனதாக உழைத்தால் முடியாதது எது? வஹாப் கடைசிப் பிடியோடு வரப்பேறினார்.

"பாய், கையில என்ன?" என்றாள் செந்தாமரை.

"களைம்மா."

"அதான் பாய் நெல்லு. உள்ள செழிப்பா நிக்கறதுதான் களை, குதிரைவாலிப் புல்லு."

வஹாபுக்குக் கண் கலங்கியது. கையிலிருந்ததைக் கீழே போடவும் மனம் வரவில்லை. அதற்குள் நாகேஸ்வரன் வந்து அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். மாவட்டத்திலேயே மக்கள் தாமாக முன்வந்து ஆக்கிரமிப்பை அகற்றிய முதல் நிலம் இதுதானாம். அதற்கு ஒரு சான்றிதழ். உரமோ மருந்தோ ஒரு துளியும் கேட்காத பயிர் நிற்பதால் இயற்கை வேளாண்மைக்கு இன்னொன்று.

பந்தி நடந்தது. "இயற்கை அரிசின்னா ருசியே தனி," என்று ஸ்ம்ருதி இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள். சமையல் கொட்டகையில் காலி மூட்டை கிடந்தது. மஸ்கட் கடையில் வஹாப் விற்ற அதே மார்க். அவரும் தன் பங்குக்கு ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பிடுங்கிப் போட்ட குவியலைச் செந்தாமரை சுற்றிச் சுற்றி வந்தாள். "இதை நான் எடுத்துக்கட்டுங்களா சார்?"

"கூலி கேக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அப்ப நீங்களும் தன்னார்வலர்தான்," என்று நாகேஸ்வரன் அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் அவளும் மூன்று பெண்களும், நடவுக்குக் காத்துக் கிடந்த அவளுடைய அரை ஏக்கரில் கொண்ட மட்டும் நட்டுவிட்டார்கள்.

கார்த்திகையில் அந்த நெல் தூர் கட்டி நின்றது. வஹாப் வாய்க்கால் கரையில் நின்று பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் செருப்பைக் கழற்றினார்.

"செந்தாமரை, நான் வேணா வந்து களை பறிச்சுத் தரட்டா? கூலி ஒண்ணும் வேணாம். அறுப்பு முடிஞ்சா ஒரு படி அரிசி போதும்."

செந்தாமரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சான்றிதழைப் பிரித்து, வரப்பில் ஒரு குச்சியில் குத்தி நட்டாள்.

"அங்கேயே நில்லுங்க பாய். இது பாதுகாக்கப்பட்ட நெலம். தன்னார்வலர் யாரும் உள்ள வரக் கூடாது."