கைக்கு அடக்கமான ஒரு துப்பாக்கி

படித்தவனிடம் எந்தப் பொருளையும் வாங்கி வரச் சொல்லக் கூடாது. கத்தரிக்காய் என்றாலும் முதலில் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கிவிடுவான். (என்னைத்தான் சொல்கிறேன்.) எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். யாராவது 'பொறுப்பு' என்று சொன்னால் போதும், என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அப்படி நிமிர்ந்த ஒரு கோடையில்தான் நான் துப்பாக்கி வாங்கினேன்.

பயப்பட வேண்டாம். உண்மையான கைத்துப்பாக்கியை என்னைப் போன்ற ஒருவன் கனடாவில் இப்போது கடைக்குப் போய் வாங்க முடியாது. இது ஓட்டப்போட்டி தொடங்குவதற்குச் சுடுவது. குழாய் அடைத்திருக்கும். குண்டு வராது. சத்தமும் கொஞ்சம் புகையும் மட்டும்.

காரணம் ஒரு விசில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் விளையாட்டுப் போட்டி நடத்தும். முந்தைய வருடம் திருமணமான பெண்களின் ஓட்டத்தில், ஒரு அன்ரி விசிலுக்கு முதலே ஓடிவிட்டார் என்று இன்னொரு அன்ரி சொன்னார். விசிலே கேட்கவில்லை என்று ஓடியவர் சொன்னார். கேட்காத விசிலுக்கு எப்படி ஓடினீர்கள் என்று மற்றவர் கேட்டார். பரிசாக வைத்த ரைஸ் குக்கர் யாருக்கும் கிடைக்காமல் தலைவரின் கார் டிக்கிக்குள்ளேயே ஒரு குளிர்காலத்தைக் கழித்தது. இருவரும் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே கோயிலில் எதிரெதிர் மூலைகளில் நின்று கும்பிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில், விசில் வேண்டாம், துப்பாக்கிதான் என்று தலைவர் அங்கிள் முடிவாகச் சொன்னார். "ஒலிம்பிக்கில விசிலே ஊதுறாங்கள்? துவக்கு வேணும். சத்தம் கேக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது." பிறகு, பின்னால் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்தார். "உங்கட மகன் யூனிவேர்சிற்றி முடிச்சவனெல்லே? நல்லதா ஒண்டு பார்த்து எடுக்கச் சொல்லுங்கோ. அவனே சுடட்டும்."

அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். டொக்டர்களும் எஞ்சினியர்களும் கணக்காளர்களும் நிறைந்த சங்கத்தில் அவர் வேலை கதிரை அடுக்குவது, கூடாரம் கட்டுவது. வருடாவருடம் எடுக்கும் குழுப்படம் ஒன்றிலும் அவர் இல்லை. படம் எடுக்கிற நேரம் எதையாவது தூக்கிக்கொண்டு போயிருப்பார். அன்று நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம். மல்வேர்னில் இறங்கும்போது சொன்னார்.

"வடிவாப் பார்த்து எடு தம்பி. எல்லாரும் பார்ப்பினம்."

அதற்குப் பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? இறுதிப் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. இரண்டு விஷயம் முக்கியம் என்று கண்டுகொண்டேன். ஒன்று, நம்பகம்: விசையை இழுத்தால் வெடிக்க வேண்டும், நடுவில் சிக்கக் கூடாது. மற்றது, பிடி: கைப்பிடி சிறிதென்றால் சுண்டுவிரல் வெளியே தொங்கும், விசை இறுக்கமென்றால் இழுக்கும்போது கை ஆடும். என் கைக்கு எந்த அளவு பொருந்தும் என்று அறிய, யன்னல் துடைக்கும் மருந்து ஸ்பிரே போத்தலைத் தலைக்கு மேல் தூக்கி அமுக்கிப் பழகினேன்.

"உந்தப் போத்திலோட என்னடா செய்யிறாய்?" என்று அம்மா கேட்டார்.

"கைப்பிடி பார்க்கிறன் அம்மா."

"அப்பிடியே அந்த யன்னலையும் துடைச்சுக்கொண்டு பார்."

கடை நகருக்கு வடக்கே, தூண்டில்களும் கூடாரங்களும் விற்கும் இடம். அப்பாவும் கூட வந்தார். விற்பனையாளர் பெரிய தாடிக்காரர். நான் கேட்டதும், "நாய்க்கா?" என்றார். வேட்டை நாய்களைச் சத்தத்துக்குப் பழக்குகிறவர்கள்தான் இதை அதிகம் வாங்குவார்களாம்.

"இல்லை, மனிதர்களுக்கு," என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஓட்டப்போட்டிக்கு," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சிரித்து மூன்று துப்பாக்கிகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்க்க, அவர் நாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். புது நாயென்றால் எடுத்தவுடன் பக்கத்தில் நின்று சுடக் கூடாதாம். முதலில் தூரத்தில் கை தட்ட வேண்டும். பிறகு அது சாப்பிடும்போது சின்னச் சத்தம். பிறகு கொஞ்சம் கிட்டே. ஒருமுறை வெருண்டுவிட்டால் அந்த நாயின் உடம்பு அதை மறக்கவே மறக்காதாம். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். எங்களுக்கு நாய் வளர்க்கும் எண்ணம் இருக்கவில்லை.

மூன்றாவது துப்பாக்கி என் கையில் வந்து உட்கார்ந்தது. ஐந்து விரலுக்கும் இடம். விசையும் மெது. பெருமையோடு அப்பாவிடம் நீட்டினேன். "பிடிச்சுப் பாருங்கோ அப்பா, என்ன சுகமா இருக்கு!"

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "உனக்கு அளவெண்டாச் சரி."

வெள்ளைக்காரர் முன்னால் விலையுயர்ந்த பொருளைத் தொடக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். (நான் படித்தவன் என்று முதலிலேயே சொன்னேனல்லவா?)

என் ஆயத்தங்களில் குறை சொல்ல முடியாது. பூங்கா அலுவலகத்தில் அனுமதி எடுத்தேன். பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்தேன். பக்கத்து வீடுகளுக்குத் துண்டுப்பிரசுரம் போட்டேன். நாய்களோடு நடப்பவர்கள் பார்க்கட்டும் என்று பூங்கா வாசலில் ஓர் அறிவித்தலும் ஒட்டினேன். சத்தம் வரப்போகிறது என்று அந்த வட்டாரத்து நாய்களுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது? துவக்கு வேண்டும் என்று கேட்டவர்களே அவர்கள்தானே.

வெயில் ஏற முன்னம் பெரியவர்களின் ஓட்டம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தலைவர் அங்கிள் வெள்ளைக் காற்சட்டையில். கடைசியில், புதுச் சப்பாத்தோடு, என் அப்பா! இத்தனை வருடத்தில் அவர் ஓடியதே இல்லை. "மகன் சுடுறான், நான் ஓடாட்டி எப்பிடி?" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியது எனக்குக் கேட்டது. ரோல்ஸ் விற்கும் மேசையிலிருந்து அம்மா கை அசைத்தார்.

"உங்கள் இடங்களில்... ஆயத்தம்..."

கையை உயர்த்தி விசையை இழுத்தேன். அருமையான துப்பாக்கி. சிக்கவில்லை. கை ஆடவில்லை. சத்தம் மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது.

வரிசை புல்லில் கிடந்தது.

அவர்கள் தடுக்கி விழவில்லை. படுத்தார்கள். நெஞ்சு தரையோடு, கைகள் காதுகளில், வாய் திறந்தபடி, பலகாலம் பழகிய ஒழுங்கோடு. ரோல்ஸ் மேசைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எல்லோரும் அதற்குக் கீழே. பூங்காவில் நிமிர்ந்து நின்றவர்கள் கனடாவில் பிறந்த பிள்ளைகள் மட்டும். அவர்களில் ஒருத்தி, "இஸ் திஸ் பார்ட் ஒவ் த ரேஸ், அண்ணா?" என்று கேட்டாள். தூரத்தில் ஒரு நாய் நிதானமாக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

அவள் கேட்டபோது நான் நின்றுகொண்டிருக்கவில்லை. என் முகம் புல்லுக்குள் இருந்தது. அந்த வரிசையில் படுக்காத ஒரே ஆள் அப்பா. அவர் ஓடினார். முடிவுக் கோட்டை நோக்கி அல்ல, என்னை நோக்கி. இடுப்பில் பிடித்து விழுத்தி, என் மேல் குப்புறப் படுத்து, என் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார். துப்பாக்கி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"தலையை எடாதை தம்பி."

"அப்பா... சுட்டது நான்தான்."

"தெரியும். பேசாமல் கிட."

அவர் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு ரோல்ஸ் மேசைக்குக் கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ர கையை விடடி, நோகுது."

ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்த அந்த இரண்டு அன்ரிமாரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்தபடி இருந்தார்கள். யார் முதலில் சிரித்தார் என்று தெரியவில்லை. புல்லில் கிடந்தபடியே எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். வயிற்றைப் பிடித்துச் சிரித்த சிலர் எழும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவர் அங்கிளின் காற்சட்டை முழங்கால் இரண்டும் பச்சை. "விசிலே காணும், அதுவே போதும்," என்றார்.

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது. எல்லோரும் பார்ப்பினம் என்று அப்பா சொன்னார். பார்த்துவிட்டார்களே! ஆனால் நேரம் குறிக்கும் அங்கிள் அப்பாவைக் காட்டிக் கையை உயர்த்தினார். "சட்டப்படி பார்த்தா, சுட்டவுடன ஓடினது உவர் ஒராள்தான்."

"மற்றப் பக்கமெல்லே ஓடினவர்?"

"எந்தப் பக்கம் எண்டு விதியில கிடக்கே?"

அப்படித்தான் முதல் பரிசுக் கிண்ணம் அப்பாவுக்குப் போனது. அந்த வருடத்துக் குழுப்படத்தில் அவர் நடுவில் நிற்கிறார், தலையில் புல்லோடு.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தாடிக்காரர், "வேலை செய்யவில்லையா?" என்று கேட்டார். மிக நன்றாக வேலை செய்தது என்றேன்.

போட்டி நடந்த அன்றிரவு சாப்பிடும்போதுதான் அம்மா சொன்னார். நான் மூன்று வயதில் இங்கே வந்தவன். எனக்கு ஊரில் நடந்த போர் எதுவும் ஞாபகம் இல்லை. "குண்டு விழேக்க பங்கர் குழிக்கு ஓட நேரமில்லாட்டி அப்பா உப்பிடித்தான் உன்னை மூடிக்கொண்டு கிடக்கிறவர். அப்ப நீ அளவா இருந்தனீ, ஒரு விரல்கூட வெளியில தெரியாது. இண்டைக்குப் பார்த்தன், முழங்காலுக்குக் கீழ ரெண்டும் வெளியில கிடக்கு!"

"அவன் வளர்ந்தா நான் என்ன செய்ய?" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

இப்போது எங்கள் வீட்டில் எது நீளம் போதாமல் கட்டையாக இருந்தாலும் அதே பகிடிதான். போர்வைக்கு வெளியே என் கால் நீண்டால், "அப்பாவும் காணாது, போர்வையும் காணாது" என்பார் அம்மா. கனடா தினத்தன்று வாண வேடிக்கை தொடங்கினால், அப்பா தன் கதிரையை விட்டு எழும்பி, சோபாவில் என்னோடு ஒட்டி உட்காருவார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காணாது, காணாது" என்று சிரிப்பார்.

நான் கால்களை மடக்கிக்கொள்வேன்.