நானூற்றுப் பதினேழாவது அர்த்தம்

மேஜையில் வைத்த சீட்டைக் காணவில்லை. எட்கர் ஹார்கிரீவுக்கு வியர்த்துவிட்டது. யார்க் நகரத்து நவம்பர் குளிரில் ஒரு மனிதருக்கு வியர்க்க வேண்டுமானால் நல்ல காரணம் இருக்க வேண்டும்.

"மிஸஸ் டப், மிஸ் தோர்ப் மேஜையில ஒரு சீட்டு இருந்துச்சே?"

"அதுல 'ரன்' இருந்துச்சு. பெட்டியில போட்டுட்டேன்," என்றார் சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் மிஸஸ் டப்.

அந்த ஆங்கில அகராதி அலுவலகம் நான்கு வருடமாக 'ரன்' என்ற ஒரே சொல்லைத்தான் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தது. ஆள் ஓடினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன், காலுறையில் நூல் பிரிந்தாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். அமெரிக்காவில் தேர்தலுக்கு நின்றால்கூட ரன். ஆதியில் ஓடியது ஆளா, ஆறா என்று சண்டை போட்ட இரண்டு பேர் இன்னும் பேசிக்கொள்வதில்லை. எந்தப் புத்தகத்தில் அந்தச் சொல்லைக் கண்டாலும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் சேர்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், காதலைச் சொல்லவும் ஹார்கிரீவுக்கு வேறு காகிதம் தோன்றவில்லை.

எனிட் தோர்ப்புக்கு அவருக்கு எதிர் மேஜை. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு பிரிஸ்டலில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடப் போகிறாள். ஏழு வருடம் வாயைத் திறக்காத மனிதர், இன்றுதான் துணிந்து இரண்டு வரி எழுதியிருந்தார். அதிலும் பெயர் போடவில்லை.

பெட்டிக்குள் கையை விட்டதுதான் தாமதம், அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் வின்டர்பாட்டம் வந்து நின்றார்.

"என்னய்யா துழாவுறீங்க?"

"தப்பா ஒரு சீட்டு வந்துடுச்சு, டாக்டர். எடுத்துடலாம்னு..."

"நகருங்க, நான் பாக்கறேன்." நாலே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "நெஞ்சு ஓடுதா! இந்த அர்த்தம் நம்மகிட்ட இல்லவே இல்லையே! நானூத்திப் பதினேழாவதுய்யா இது! எந்தப் புத்தகம்?"

"ஏதோ... பழைய நாவல், டாக்டர்." வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"மிஸ் தோர்ப்! இங்க வாங்க. இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

எனிட் வந்து வாங்கிக்கொண்டாள். "'நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டால் என் நெஞ்சு ஓடுகிறது. சனிக்கிழமை போகாதீர்கள்.'" கடைசி வார்த்தையில் அவள் குரல் தேய்ந்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"பிரமாதம்! நூலகத்துக்குப் போய் அந்த நாவலைத் தேடிப் பிடிங்க."

"இது நாவல்தானா, மிஸ்டர் ஹார்கிரீவ்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனிதர் திருதிருவென்று விழித்தார். "ஆ... ஆமா. ரெண்டாம் பாகம்னு நினைக்கிறேன்."

"ஓஹோ," என்றாள் எனிட். குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் நனைந்து திரும்பினாள். "அப்படி ஒரு நாவலே கிடையாது, டாக்டர். நான் என் மேஜையைக் காலி பண்ணிக்கறேன். சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே கிளம்பிடறேன்."

ஹார்கிரீவ் எழுந்தார், இருமினார், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நூல் பேரும் இல்ல, துணைக்கு இன்னொரு சான்றும் இல்ல. ஒத்தைச் சான்றை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. கழிவுப் பெட்டியில போடுங்க, மிஸஸ் டப்."

தள்ளுபடியான சீட்டுகளைச் சேர்த்து வைக்கும் கழிவுப் பெட்டியை மிஸஸ் டப் திறந்து அகர வரிசையில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு பழுப்புச் சீட்டை உருவி மூக்குக்கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னொண்ணு இருக்கே, டாக்டர். 'எதிர் மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தால் என் நெஞ்சு ஓடுகிறது.' மூணு வருஷத்துக்கு முந்தினது, மிஸ் தோர்ப் கையெழுத்து. அடியில சிவப்பு மையில 'ஒரு சான்று போதாது, தள்ளுபடி'ன்னு இருக்கு... அது உங்க கையெழுத்துதானே, மிஸ்டர் ஹார்கிரீவ்?"