'அர்ஜெண்ட்' என்னும் சொல்லின் மகிமை

வெள்ளைக்காரன் நமக்கு ரயில் தந்தான், தபால் தந்தான் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் பட்டியல் போடுகின்றன. அவன் தந்தவற்றுள் தலையாயது 'அர்ஜெண்ட்' என்ற சொல்தான் என்பது என் முடிந்த முடிபு. தூத்துக்குடிக் கடலோரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன். ரயில் சில நாள் நேரத்துக்கு வந்து நம்மை ஏமாற்றிவிடும். 'அர்ஜெண்ட்' அப்படி ஏமாற்றியதே இல்லை.

ஊரில் இச்சொல் புழங்கும் அழகே தனி. டீக்கடையில் "அர்ஜெண்டா ஒரு டீ" என்றால் டீ சீக்கிரம் வேண்டும் என்று பொருளல்ல; கேட்பவர் சாதாரண ஆள் இல்லை என்று பொருள். தையற்கடையில் 'அர்ஜெண்ட்' என்றால் கிறிஸ்துமஸ் சட்டை பொங்கலுக்குள் கிடைத்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் இது மேலும் வளர்ச்சி கண்டது. 'அர்ஜெண்ட்', 'வெரி அர்ஜெண்ட்', 'மோஸ்ட் அர்ஜெண்ட்' என மூன்று சீட்டுகள். 'மோஸ்ட்' சிவப்பு. அவசரக் காரியத்தில் அவசரப்பட்டால் தவறு நேரும் என்பது மேலதிகாரி கிருபாநிதி அவர்களின் கொள்கை. ஆகவே சீட்டில்லாத கோப்பை ஒருவர் படித்தால் போதும். சிவப்புச் சீட்டு ஒட்டியதை மூன்று பேர் படித்தாக வேண்டும்.

1974 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை, பிளாரன்ஸ் என்ற பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். அவள் புருஷன் ரோச் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்ப்பவன்.

"சார், தோணி பாய்மரம் முறிஞ்சு காயல்பட்டினத்துக்குக் கெழக்க ஒழுகிக்கிட்டுக் கெடக்காம். ஏழு பேரு. மீனுக்குப் போனவுக பாத்துட்டு வந்து சொல்லுதாக. இந்தக் காத்துல வள்ளம் போவாது. ஒங்க ஆபீசு மோட்டார் லாஞ்சு போனா கூட்டியாந்துரலாம்."

"வாயால சொன்னா எப்படிம்மா? எழுதிக் கொண்டு வா."

மதியம் எழுதிக்கொண்டு வந்தாள். நான் இளகிய மனசுக்காரன். யாருக்கும் லேசில் போடாத சிவப்புச் சீட்டை என் கையாலேயே ஒட்டினேன்.

"இனி ஒனக்குக் கவலை இல்லம்மா. 'மோஸ்ட் அர்ஜெண்ட்' போட்டாச்சு."

"அப்பம் இன்னைக்கே லாஞ்சு போயிருமா சார்?"

"இன்னைக்கு எப்படிப் போகும்? அதான் 'மோஸ்ட் அர்ஜெண்ட்' போட்டிருக்கே."

அவளுக்குப் புரியவில்லை. படிப்பு போதாது.

வியாழக்கிழமை கோப்பை இருவர் படித்தார்கள். வெள்ளிக்கிழமை கிருபாநிதி அவர்கள் தலைமையில், வடையுடன், கூட்டம் கூடியது.

"வேதமணி," என்றார் என்னிடம். "ஏழு பேர்னு எழுதியிருக்கு. ஏழு பேரும் தண்ணியில கெடக்காங்களா, தோணியில இருக்காங்களா?"

"தோணியில சார்."

"அப்போ 'வெரி' போதுமே, 'மோஸ்ட்' எதுக்கு ஒட்டினீரு? நாளைக்கு அவங்க தண்ணியில விழுந்துட்டா, அப்போ ஒட்டுறதுக்கு நம்ம கையில என்ன சீட்டு இருக்கு?"

அந்தத் தொலைநோக்கில் நான் மெய்சிலிர்த்தேன். 'மோஸ்ட்'டுக்கும் மேலாக நான்காவது சீட்டு ஒன்று அச்சிட அனுமதி கோரிச் சென்னைக்கு எழுதுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அதுவரை கோப்பை 'நிலுவையில்' வைத்தோம். பிளாரன்ஸ் வெளியே மரத்தடியில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் முன்னேற்றத்தைத் தெரிவித்தேன்.

சனிக்கிழமை எங்கள் லாஞ்சு புறப்பட்டது. மதுரையிலிருந்து வந்திருந்த கிருபாநிதி அவர்களின் மைத்துனர் குடும்பம் முயல்தீவு பார்க்க ஆசைப்பட்டது. காற்றில் ஒரு குழந்தை வாந்தி எடுத்ததைத் தவிர வேறு குறையில்லை. லாஞ்சு நன்றாகவே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காற்று தணிந்தது. காயல்பட்டினத்து வள்ளக்காரர்கள் யாரையும் கேட்காமல் போய், கவிழ்ந்து கிடந்த தோணியின் கட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரைக் கரை சேர்த்தார்கள். ரோச் அவர்களில் இல்லை. சனிக்கிழமை பொழுது சாயும்வரை பிடித்துக்கொண்டிருந்தானாம். அப்புறம் கை விட்டுப் போயிருக்கிறது.

திங்கட்கிழமை பிளாரன்ஸ் வந்தாள். மரத்தடிக்குப் போகாமல் நேரே என் மேஜைக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பை எடுத்துப் புரட்டினேன்.

"சனிக்கெழம லாஞ்சு தீவுக்குப் போச்சே சார். அதுக்கு என்ன சீட்டு ஒட்டினீய?"

இது அலுவலக நடைமுறை பற்றிய கேள்வி. விளக்க வேண்டியது என் கடமை.

"அதுக்குச் சீட்டே கெடையாதும்மா. கோப்பும் கெடையாது. ஐயா வாயால ஒரு வார்த்தை சொன்னாங்க, லாஞ்சு போச்சு."

அவள் கோப்பின் மேலிருந்த சிவப்புச் சீட்டில் விரலை வைத்தாள்.

"நானும் புதன்கெழம வாயாலதான சார் சொன்னேன். நீங்கதான எழுதிக் கொண்டாரச் சொன்னீய."