எலுமிச்சம்பழ வேகத்தடை

தொண்ணூறுகளில் வேங்கிக்கால் பக்கம் பஸ் ஓட்டிய டிரைவர்களில், பஞ்சர் அக்காவிடம் திட்டு வாங்காமல் ரிடையர் ஆனவர் ஒருவரும் கிடையாது. எங்கள் தெரு மெயின் ரோட்டில் போய் முட்டும் இடத்தில் அவருடைய பஞ்சர் கடை. கணவர் போன பிறகு தனியாகவே நடத்தினார். டியூபை அமுக்கிப் பிடித்த கை தண்ணீரில் இருக்கும். வாய் ரோட்டில் இருக்கும்.

"டேய், பிரேக்குன்னு ஒண்ணு கீதே, அத உங்க ஆயாவுக்கா வச்சிருக்க?" என்பார். அதற்குள் பஸ் பாதி ஊரைத் தாண்டியிருக்கும். விடமாட்டார். சாயங்காலம் அதே பஸ் திரும்பும்போது மிச்சத்தைத் திட்டுவார்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பள்ளிக்கூடம். என் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு. காலையில் பிள்ளைகள் ரோட்டோரம் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒடுங்கி நிற்கும். ஒருவனும் வேகத்தைக் குறைக்க மாட்டான். அடுத்த வீட்டுப் பையனை ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போனது. அவன் கால் முறிந்து படுத்துவிட்டான்.

வேகத்தடை கேட்டுத் தெருவே நெடுஞ்சாலைத் துறை ஆபீசுக்குப் போனோம். நான் வழக்கம்போலக் கடைசியில், தூணை ஒட்டி. மேஜைக்காரர் நிமிராமலே கேட்டார்: "இதுவரைக்கும் யாராச்சும் செத்திருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் இன்னா அவசரம்?"

அக்கா மேஜையை ஓங்கித் தட்டினார். "நீயே வந்து குறுக்க நில்லு சார். கணக்குல ஒண்ணு சேந்துடும்!"

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

மறுநாள் காலை ரோட்டுக்குக் குறுக்கே வரிசையாக எலுமிச்சம்பழங்கள். பாதியாக வெட்டி, குங்குமம் தடவியவை. நடுவில் உடைத்துப் போட்ட ஒரு பூசணிக்காய். யாரோ திருஷ்டிக்குக் கழிப்புக் கழித்துப் போட்ட மாதிரியே இருந்தது. வேலூர் பஸ் கிறீச்சென்று நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது. பிறகு ஒவ்வொருவராக, டயர் பழத்தில் படாமல், ஊசியில் நூல் கோர்ப்பதுபோல ஓட்டிப் போனார்கள். அக்கா கடைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் தெருவிலும் ஒருவர்கூடப் பிள்ளையை ரோட்டைத் தாண்ட விடவில்லை.

"கழிப்பத் தாண்டுனா காய்ச்சல் வரும்க்கா" என்றாள் என் மனைவி.

"பஸ்ஸுக்கு பயப்படாதவ பழத்துக்கு பயப்படறியா? வச்சதே நான்தான்டி!" என்று கத்திய அக்கா, ஒரு பழத்தை எடுத்துக் கழுவி, சொம்புத் தண்ணீரில் பிழிந்து, சர்க்கரை போட்டு, நடுரோட்டிலேயே குடித்துக் காட்டினார். எங்கள் பயம் போனது. நின்று வேடிக்கை பார்த்த டிரைவர்களுக்கும் போனது. மறுநாள் வேலூர் பஸ் எல்லாப் பழத்தையும் நசுக்கிக்கொண்டு, ஆரனும் அடித்துக்கொண்டு பறந்தது.

அடுத்து வந்தது பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊரெல்லாம் தடுப்பு, ஊரெல்லாம் போலீஸ். எங்கள் முனையில் மட்டும் ஒருவரும் இல்லை. அக்கா கடையில் கிடந்த பழைய லாரி டயர்களை உருட்டி வந்து ரோட்டில் சாய்த்து, ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துத் தெருவே உட்கார்ந்தது. கேட்டால்கூட என் பெயரைச் சத்தமாகச் சொல்லாத நானும் உட்கார்ந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பஸ்கள் நின்றன.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "பௌர்ணமி ஜனம் வருதும்மா, எழுந்திருங்க!"

"பௌர்ணமிக்கு வர்றவங்க உசுருதான் உசுரா சார்? அமாவாசைக்கு எங்க புள்ளைங்க சாவலாமா?"

அவர் வயர்லெஸ்ஸில் யார் யாரிடமோ பேசி, வேகத்தடைக்கு வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்தோம். அந்த வாரமே வேகத்தடை வந்தது, ஒட்டகத்தின் திமில் மாதிரி.

தார் காய்ந்த அன்று காலை அக்கா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். வேலூர் பஸ் திமிலுக்கு முன்னால் முனகிக்கொண்டு நின்றது. நடுரோட்டில் அக்காவும் நின்றார். பிள்ளையின் ரிப்பன் அவிழ்ந்திருந்தது. கையிலிருந்த டயர் கறுப்பு அதில் ஒட்டாமல், விரல் நுனிகளால் அதைக் கட்ட ஆரம்பித்தார். டிரைவர் ஆரன் அடித்தார். அக்கா நிமிரவே இல்லை. அவர் நிதானமாகக் கட்டி முடிக்கட்டும் என்று, நான் போய் பஸ்ஸுக்கு நேராக நின்றுகொண்டேன்.